ரத்தத்துக்கு ஒரு மழைக்கோட்டு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் பக்கத்து வீட்டுப் பெண்மணி பிர்க்கோ கதவைத் தட்டி, மடித்த பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. பின்லாந்தில் ஆண்டுக்குச் சில வாரங்களே கிடைக்கும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "மழை வருமா?" என்று கேட்டேன். "மழைக்கு இல்லை, ரத்தத்துக்கு," என்றார். "நமக்கு முதல் வரிசை."

பிர்க்கோ ஓய்வுபெற்ற நூலகர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். மின்தூக்கியில் அவருடைய பை என் மீது உரசிவிட்டால், "அன்தேக்ஸி," அதாவது மன்னியுங்கள், என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. அவருக்கு ஹெவி மெட்டல் இசை மீது பெரும் பித்து. கூட வரவேண்டிய தோழிக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. ஒரு டிக்கெட் மிஞ்சியது. ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "உங்கள் மனைவி காலமானபின் உங்கள் வீட்டின் அமைதி சுவர் வழியாகக் கேட்கிறது," என்றார். இந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. மறுக்க வாய் வரவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த வீடியோவை இங்குள்ள தமிழர்களில் பார்க்காதவர் இல்லை. என் ஊர்ப் பக்கம் சித்தூரிலும் திருப்பதியிலும் பார்த்திருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவப்பு வழிய, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிற கிழவன் நான்தான். தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒருவர் "நம் மானம் போச்சு" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் என் வயதைக் குறிப்பிட்டுச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார். செயலாளர் நல்ல பையன், சென்னைக்காரர். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நீங்க நம்ம சங்கத்தோட மூத்த உறுப்பினர். தீபாவளிக்கு விளக்கேத்தப் போறவரே நீங்கதான். குரூப்புல ஒரு வரி சாரி போட்டுடுங்க, முடிஞ்சுது."

"எதுக்குத் தம்பி?"

"அதான் சார், அந்தக் கூத்துக்கு. வேணும்னா புது மாத்திரை ஒத்துக்கல, நிதானம் இல்லன்னு போட்டுடலாம். நானே டைப் பண்ணித் தரேன்."

"மாத்திரையெல்லாம் வேளாவேளைக்கு ஒழுங்காத்தான் சாப்பிடறேன். நல்ல நிதானத்துலதான் கத்தினேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்," என்று வைத்துவிட்டார். யோசித்தேன். இந்தக் கட்டுரைதான் பதில்.

ஏரிக்கரையில் திறந்த மைதானம். மாலையிலும் சூரியன் உச்சியில் நிற்பதுபோல் வெளிச்சம். கறுப்புச் சட்டை, ஆணி அடித்த தோல்பட்டை, மண்டையோட்டு மோதிரம் என்று ஆயிரக்கணக்கானோர். ஆனால் என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் "அன்தேக்ஸி" சொல்லிவிட்டுத்தான் தாண்டினார்கள். காவலுக்கு நின்ற பெண் எனக்குக் காதடைப்பானும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொடுத்து, மயக்கம் வந்தால் கையைத் தூக்கச் சொன்னார். நம் ஊரில் பேருந்து ஏறும்போதுகூட இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

பிறகு மேடையில் புகை எழுந்தது. ஆட்டுக்கொம்பு வைத்த பாடகர் வந்தார். முகம் முழுக்கக் கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை. அட்டைக் கிரீடமும் தெர்மாக்கோல் தொப்பையுமாக ஒரு ராஜா வந்தான். தொப்பை கிழிக்கப்பட்டது, பச்சைக் கூழ் எங்கள் மேல் வந்து விழுந்தது. ராஜாவின் தலை ஒரே வெட்டில் உருண்டது. கழுத்துக் குழாயிலிருந்து சிவப்புச் சாயம் பீய்ச்சியடித்தது. வெட்டிய வேகத்தில் பாடகருக்கு ஒரு கொம்பு கழன்று தொங்கியது. அதைப் பிடுங்கிக் கூட்டத்தில் எறிந்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். முரசு என் விலா எலும்பில் அடித்தது. மின்தூக்கியில் தரையைப் பார்க்கிற ஜனங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து ஊளையிட்டார்கள். பிர்க்கோ தன் நரைத்த தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அருவருப்பும் இல்லை, பயமும் இல்லை. இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்தத் தடவை காருக்குள் இருந்தேன்.

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைமேல் இருக்கிற பெருமாளை உலகத்துக்கே தெரியும். கீழே ஊருக்குள் இருக்கும் அவர் தங்கையை எங்களுக்குத்தான் தெரியும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் ஒரு வாரம் ஆண்கள் வேஷம் போடுவார்கள். ஒரு நாள் உடம்பெல்லாம் நாமக்கட்டி, மறுநாள் குங்குமம், அதற்கடுத்த நாள் கரி. வேப்பிலையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கண்ணில் பட்டவரையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். தெலுங்கிலும் தமிழிலும், வீட்டில் சொன்னால் பல் உதிரும் வசவுகள். முதலாளி, போலீஸ், வட்டிக்காரன், யாருக்கும் விலக்கு இல்லை. திட்டு வாங்கியவன் சிரிக்க வேண்டும், கோபித்துக்கொள்பவன்தான் குற்றவாளி. அம்மனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

என் நைனா, அதாவது தகப்பனார், கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறர் நிலத்தில் உழைத்தவர். பிறகு திருப்பதிக்கு வந்து மண்டியில் மூட்டை தூக்கினார். எனக்குச் சின்ன வயதில் கடும் காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் அவனே கரி பூசி வேஷம் போடுவான் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்தேன், படித்தேன், பொறியியல் கல்லூரிக்குப் போனேன். வேஷம் போடும் வயது வந்ததும், காட்டுமிராண்டித்தனம் என்று மறுத்துவிட்டேன். நைனா வற்புறுத்தவில்லை. "நீ படிச்சவன். உன்னால ஆவாது. நானே போட்டுக்கறேன்," என்றார். "கரி பூசிக்கினா நைனா எது, புள்ள எதுன்னு கங்கம்மாவுக்குத் தெரியவா போவுது?" அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் என் பெயரைச் சொல்லி அவர்தான் கரி பூசினார்.

நாட்டின் சந்தையை வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்ட ஆண்டுகள் வந்தன. ரேணிகுண்டாவில் நான் வேலை செய்த தொழிற்சாலையைப் பார்க்க வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார், அவர் பின்லாந்துக்காரர். அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். சென்னையிலிருந்து வரவழைத்த ஏசி கார். நான் டை கட்டியிருந்தேன். ஜாத்திரை வாரம் என்பது நினைவில் இருந்தும் காரை ஊருக்குள் விடச் சொன்னேன். வேறு வழி இல்லை. கோவில் தெருமுனையில் கூட்டம் காரை மறித்தது. கரி பூசிய ஓர் உருவம் முன்னால் குதித்து வந்தது.

"டேய் வெள்ளக் காரு! கண்ணாடிக்குள்ள குந்திக்கினு வர கோட்டான்! எறங்குடா எரும மூஞ்சி! எங்கம்மா தெருவுல ஏ.சி போட்டுக்கினா வர?"

என் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்த முகம் நைனாவின் முகம். வசவு பாதியில் நின்றது. கரிக்குள்ளே பல் தெரிந்தது, சிரித்தார். நான் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினேன். அது மேலே ஏறுவதற்குள் அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். அடிக்கவில்லை, சும்மா வைத்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கையை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போய் அவரைத் திட்ட ஆரம்பித்தார். என்னை அறியாதவர்போல.

"யூனியன்காரர்களா?" என்று விருந்தினர் கவலையோடு கேட்டார். "இல்லை, ஒரு பைத்தியக்காரன்," என்றேன். பைத்தியக்காரன் என்றுதான் சொன்னேன். இதை எழுதும்போதும் வேறு சொல் போட்டுக்கொள்ள மனம் தேடுகிறது, விடமாட்டேன். விடுதிக்குப் போனதும் கண்ணாடியில் இருந்த கரிக்கையை ஈரத்துணியால் துடைக்கும்படி டிரைவரிடம் சொன்னதும் நான்தான். அந்த விருந்தினர்தான் பின்னால் எனக்கு இந்த நாட்டில் வேலை கொடுத்தார். அவர் ஊர்க்காரர்கள் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு மைதானத்தில் ஊளையிடுகிறவர்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதவைத் திறந்து, இவர் என் தகப்பனார் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வெட்கம் அந்த விருந்தினரைப் பார்த்து அல்ல, என் நைனாவைப் பார்த்து.

அதைப் பற்றி நைனா ஒருபோதும் பேசவில்லை. ஒரு விடுமுறையில் அவரை ஏசி காரில் பலமனேர் வரை அழைத்துப் போனேன். வழி முழுக்க முதுகைச் சாய்க்காமல், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லா சாஞ்சிக்கோங்க பெரியவரே," என்றார் டிரைவர். "வேணாம்பா, கண்ணாடில கை பட்டா கறையாய்டும்," என்றார் நைனா. கை சுத்தமாகத்தான் இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தக்காளி வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். நான் பனியில் சிக்கிய விமானத்தில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். கடைசிப் பாட்டில் அந்தப் பாடகர் மேடையிலிருந்து குதித்துக் கம்பித் தடுப்பின் அருகே வந்தார். கறுப்பு முகம், உள்ளே வெள்ளைப் பல். வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து உறுமிக்கொண்டே வந்தவர் என் எதிரில் நின்றார். அவருடைய மொழியில் என்னைத் திட்டினார் என்றே நினைக்கிறேன். பின்வாங்குவதற்கு இடமிருந்தது. நான் பின்வாங்கவில்லை. இரு கைகளையும் கூப்பினேன். பிறகு என் வாயிலிருந்து வந்தவை, வாழ்நாளில் நான் ஒருமுறையும் சொல்லாத சொற்கள். "டேய் எரும மூஞ்சி! எறங்குடா! கண்ணாடிக்குள்ள குந்திக்கினு வர கோட்டான்!" அதற்குப் பிறகு வந்தவற்றை அச்சில் போட முடியாது. தெலுங்கில் எனக்கு இத்தனை வசவு தெரியும் என்று எனக்கே தெரியாது. நான் திட்டியது அவரை அல்ல. டை கட்டிய ஒருவனை.

பாடகர் சாயத்தில் நனைந்த கையை என் மார்பின் மேல், மழைக்கோட்டில் அழுத்தி வைத்துவிட்டுப் போனார்.

பிர்க்கோ பயந்துவிட்டார். "சத்தூகோ?" என்று என் தோளைப் பிடித்துக் கேட்டார், வலிக்கிறதா என்று பொருள். மாரடைப்பு என்று நினைத்திருக்கிறார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலும். அந்தப் பக்கம் நின்ற பெரிய தாடிக்காரருக்கோ ஒரே மகிழ்ச்சி. "எல்லாப் பாட்டும் மனப்பாடமா! எந்த மொழியில் பாடினீர்கள்?" என்றார். தமிழும் தெலுங்கும் என்றேன். "உங்கள் ஊரிலும் மெட்டல் உண்டா?" "வருடத்தில் ஒரு வாரம்," என்றேன்.

மறுநாள் ரேணிகுண்டாவிலிருந்து என் தங்கை செல்வி பேசினாள். செயலாளரைப்போல இவளும் ஏதாவது சொல்வாள் என்று தயங்கித்தான் எடுத்தேன்.

"ண்ணா, நீயா அது? எம் பேரன் செல்லுல காட்னான். ரத்தத்த பூசிக்கினு நின்னுக்கினு கீற! இந்த வயசுல உனக்கு இன்னா கேடு?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் போனேன்."

"சும்மாவா? மூஞ்சி அப்டியே நைனா. நான் பயந்தே பூட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ காரு கண்ணாடி ஏத்திக்கினது எங்களுக்குத் தெரியும் ண்ணா. அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிச்சு நைனா. ‘ஏ.சி காரு, கண்ணாடி எறக்கி வச்சா குளிரு பூடும், அதான் ஏத்திக்கினான்’னு. அம்மா துன்னாம படுத்துக்கிச்சு."

அவளே தொடர்ந்தாள். "வேண்டுதல் உன்னுது. நைனா போட்டது நைனாவோட போச்சு. எப்ப வர?"

"எழுபது தாண்டிடுச்சி செல்வி."

"அப்ப செத்த பொறவு வந்து போடறியா? வர வைகாசில வந்து சேரு. அந்தப் பிளாஸ்டிக் சட்டைய எடுத்துக்கினு வராத. கரிக்கு அதெல்லாம் வேணாம்."

ஆகவே சங்கத்தாருக்கு: நீங்கள் கேட்ட மன்னிப்பைத் தர மாட்டேன். தீபாவளி விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும். வைகாசியில் நான் திருப்பதித் தெருவில் உடம்பெல்லாம் கரியோடு நிற்கும் வீடியோவும் உங்களுக்கு வந்து சேரும். அதில் நான் திட்டுவது யாரையாவது சுட்டால், சிரித்துவிடுங்கள்.

மழைக்கோட்டைத் துவைத்துத் தருவதாகப் பிர்க்கோ கேட்டார், கொடுக்கவில்லை. எங்கள் மாடி முகப்பைச் சுற்றிக் கண்ணாடி அடைத்திருக்கிறது. குளிர் நாட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதன்மேல் கோட்டை மாட்டியிருக்கிறேன். கோட்டில் நிறம் இல்லை. சிவப்புக் கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, வெளியே பிர்ச் மரங்களின் முன்னால், யாரோ அந்தப் பக்கம் நின்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருப்பதுபோல. சூரியன் இன்னும் இறங்கவில்லை. இந்தப் பக்கமிருந்து நான் என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது. வரட்டும்.