கடலைக்காரியிடம் கேட்ட சதுரங்கக் கேள்வி

பாகியோ நகரப் பூங்காவில் சதுரங்க மேசைகளுக்குப் பக்கத்தில் பெர்லிட்டா பதினெட்டு வருஷமாக வேகவைத்த கடலை விற்றாள். அடுத்த தள்ளுவண்டி என்னுடையது, காபி. அவள் புருஷன் தியோஃபிலோ காலையில் அந்த மேசையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவான். பெர்லிட்டா ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஆடுகிறவர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் வாய் ஓயாது. யார் எந்த ஊரில் தோற்றான், எந்தப் போட்டியில் என்ன சண்டை, எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மணிலா தொலைக்காட்சியின் மதிய வினாடி வினாவுக்கு அவள் பெயரை எழுதிப் போட்டது நான்தான். கூப்பிட்டே விட்டார்கள்! மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

முதல் சுற்றுகளைச் சமாளித்து இறுதிக்கு வந்துவிட்டாள். தலைப்புச் சக்கரம் சுற்றிச் சுற்றி 'சதுரங்கம்' என்ற இடத்தில் நின்றது.

"அடடா, நான்ல மேடை ஏறியிருக்கணும்!" என்று தியோஃபிலோ தொடையில் அடித்துக்கொண்டான்.

"கடலை விக்கிற அக்காவுக்குச் சதுரங்கமா? பயமா இருக்கா?" என்று சிரித்தான் நிகழ்ச்சி நடத்துபவன்.

"பசியா இருக்கு தம்பி. சீக்கிரம் கேளுங்க."

வெள்ளைக் காய்களை வைத்து ஆடுகிறவர் முதல் நகர்த்தலை எத்தனை விதமாகச் செய்யலாம்?

"இருபது. சிப்பாய் எட்டு, குதிரை ரெண்டு. ஆளுக்கு ரெண்டு வழி."

ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் எந்த நகரத்துப் போட்டியில் அந்தப் பட்டத்தை எட்டினார்?

"பிரான்ஸ்ல நீஸ். நம்ம நாட்டு ஆளுல்ல!"

அரங்கம் அதிர்ந்தது. நான் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன்.

கடைசிக் கேள்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் பாகியோவில் நடந்த உலகப் போட்டியில், ஆட்டத்தின் நடுவே ஒரு ஆட்டக்காரருக்குத் தின்ன ஏதோ வந்தது. அதில் ரகசியச் சேதி இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சண்டை பிடித்தது. வந்தது என்ன?

பெர்லிட்டா விழித்தாள். "ஊதா கலர்ல, கிண்ணத்துல..." என்று முணுமுணுத்தாள். பேர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. குடும்பத்தாரை ஒரே ஒரு தடவை கேட்கலாம். கேட்டாள்.

தியோஃபிலோ துள்ளி எழுந்தான். "காபி! கண்ண மூடிக்கிட்டு காபின்னு சொல்லு பெர்லி!"

அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே முகம் மலர்ந்தது.

"காபி எங்கய்யா ஊதாவா இருக்கும்? தினம் இந்தக் காபிக்காரி பக்கத்துலதான நிக்கிறேன். தயிர்! பழம் கலந்த தயிர்!"

"உங்க வீட்டுக்காரர் காபிங்கறாரே அக்கா?"

"அவரு பலகையவிட்டுத் தலையத் தூக்கினாத்தான காதுல ஏதாவது விழும்! தயிர்னு எழுதிக்குங்க."

மணி அடித்தது. மேலே இருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. தியோஃபிலோ காவலாளியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடி அவளைத் தூக்கிச் சுற்றினான். "என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!" என்று மைக்கிலேயே கத்தினான். பரிசு, பயணிகளை ஏற்றும் புத்தம் புது மூன்று சக்கர வண்டி.

ஊர் திரும்பியதும் சாவியைப் புருஷன் கையில் வைத்தாள். "நீ போய்ச் சவாரி ஓட்டு. நான் கொஞ்சம் உக்காந்து ஆடறேன்."

கடலைக் குண்டானை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றாள். பன்னிரண்டாவது சமனில் முடிந்தபோது அவள் போட்ட கூச்சலில் பூங்கா ஏரியில் படகோட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.