குடிக்காதவரின் ஈரல்

முல்லைத்தீவுப் பக்கத்தில் துணி வியாபாரி நவ்பரைத் தெரியாத வீடு குறைவு. மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் இடம் மிஞ்சினால் நவ்பர். முள்ளியவளையில் ஒரு சாறம் விற்கப் போனால் அந்த வீட்டுக் கல்யாணப் பேச்சையும் முடித்துவைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். வாய் அப்படி. அந்த வாய்க்கு இனிப்பும் வேண்டும். சீனி வியாதியான சலரோகம் வந்த பிறகும் மனிசன் வட்டிலப்பத்தை விட்டபாடில்லை. மனைவி லதீபா சீனிப் போத்தலை ஒளித்து ஒளித்தே களைத்துப்போனாள்.

அந்த வாயில் அதிகம் அகப்பட்டவர் கடற்கரைப் பஸ்தியாம்பிள்ளை. யுத்தகாலப் புத்தளத்து அகதி வாழ்க்கை முடிந்து நவ்பர் குடும்பம் ஊர் திரும்பியபோது முதலில் மீனோடு வந்து நின்றவர் அவர்தான். தங்கமான மனிதர், பின்னேரமானால் மட்டும் சாராயம். ஈரல் வெந்து வாய்வழியே ரத்தமாகச் சத்தியெடுப்பாய் என்று நவ்பர் அவரைத் திட்டாத கிழமை இல்லை. பஸ்தியாம்பிள்ளையும் சொன்னபடியே சத்தியெடுத்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்து குடியையும் விட்டார். அந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் வேறு யார்? நவ்பர்தான்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருசம் கிணற்றடியில் சத்தி வந்தது. குனிந்து பார்த்தால் ரத்தம்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா? மனிசன் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கினார். ஆயுளில் வெற்றிலை போடாதவர்! இனி ரத்தம் வந்தாலும் வெற்றிலைச் சாறு என்று சமாளிக்கலாமாம். ஐந்து வேளையும் தொழுகிறவர், பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவர் ரத்தம் சத்தியெடுத்தால் ஊர் என்ன சொல்லும்? களவாகக் குடித்திருக்கிறார் என்றுதான் சொல்லும். ரத்தம் என்றால் சாராயம் என்று ஊருக்குப் படிப்பித்ததே அவர்தானே.

லதீபாவுக்குச் சந்தேகம் வந்தது. வெற்றிலை போடுகிறவரின் முகம் ஏன் இப்படி வெளிறிப்போக வேண்டும்? அவள் கேட்க முன்னமே இரண்டாம் தரம் வந்துவிட்டது. நவ்பர் குசினி வாசலில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். குடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நவ்பர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லதீபாதான் இல்லை என்றாள். டொக்டர் நம்பினார். சலரோகமும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்தால் குடிக்காதவரின் ஈரலும் இறுகிப்போகும் என்று விளங்கப்படுத்தினார். ஈரல் வழியே போகவேண்டிய ரத்தம் இப்போது வழியில்லாமல் திரும்பி, இரைப்பையின் நாளங்களை வீங்கவைத்திருக்கிறது. தண்ணீர் போகிற துருசு அடைபட்ட குளம் கட்டை உடைக்கப் பார்ப்பது போலத்தான். அடுத்த முறை உடைந்தால் ஆள் தப்புவது கஷ்டம், கொழும்புக்குப் போய் அந்த நாளத்தை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நவ்பர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: புத்தளத்தில் கல்யாணம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும்.

"ஆரிட்டையும் மூச்சு விடப்படாது. விட்டியெண்டால் நான் பாதி வழியில இறங்கித் திரும்பிடுவன்."

லதீபா தலையாட்டினாள். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

ஆனால் பையில் உடுப்பு அடுக்கும்போது அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரில் ஒருவருக்குப் பெரிய வைத்தியம் என்றால் பள்ளிவாசலில் பெயர் சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அத்தனை கையும் துஆவுக்கு உயரும். முகம் தெரியாத எத்தனை பேருக்காக அவளும் வீட்டிலிருந்து கையேந்தியிருக்கிறாள். தன்னுடைய மனிசனுக்கு ஒரு கை உயராதா? இவருடைய மானம் எக்கேடு கெட்டும் போகட்டும்!

மௌலவியின் மனைவி றுக்ஷானாவிடம் போனாள். ஈரல், ரத்தம், வெற்றிலை, எல்லாவற்றையும் கொட்டினாள். வருகிற வழியில் பஸ்தியாம்பிள்ளையின் மனைவி அற்புதத்திடமும் சொன்னாள். பிறகு பஸ்சில் கொழும்பு வரும்வரை அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. நவ்பர் எங்கே இறங்கிவிடுவாரோ என்று பஸ் நின்ற இடமெல்லாம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொழும்பில் அவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தியவள் கிளிநொச்சிப் பிள்ளை, டொக்டர் பிரஷாந்தினி. வாய் வழியே ஒரு குழாய் போகும். அதன் நுனியில் கமராவோடு குட்டி ஸ்கானும் இருக்கும். இரைப்பைக்குள் இருந்தபடியே சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற நாளம் திரையில் தெரியும். பார்த்துக்கொண்டே ஊசியை நாளத்துக்குள் விட்டு, மெல்லிய நார் சுற்றிய கம்பிச் சுருளை உள்ளே இறக்கி, மேலே மருத்துவப் பசை விடுவார்கள். நார் என்றதும் நவ்பருக்கு உயிர் வந்தது.

"பருத்தியோ பிள்ளை, நைலோனோ?"

பிரஷாந்தினி சிரித்துவிட்டாள். பிறகு லதீபாவைத் தனியே கூப்பிட்டு, பசை விலகி நுரையீரலுக்குப் போகக்கூடும், நாளம் அப்போதே உடையவும் கூடும், விட்டுவைத்தால் அதைவிட ஆபத்து என்றும் சொன்னாள். லதீபா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து ஓதினாள். ஓதுவதை மறந்து அழுதாள். இவரிடம் பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன், அதற்காக இவரைப் பறித்துவிடாதே என்று அல்லாஹ்விடம் மன்றாடினாள்.

பிரஷாந்தினி வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. திரையில் நிறமாக ஓடிக்கொண்டிருந்த நாளம் இப்போது இருண்டுவிட்டது, ரத்தம் அதற்குள் போகவில்லை என்றாள். ஈரல் பழையபடி ஆகாது. மருந்தும் திரும்பத் திரும்பச் சோதனையும் வேண்டும், இனிப்பு வாசனையும் படக்கூடாது. லதீபா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நவ்பர் நன்றாகக் கண் விழித்த நேரம் தலைமாட்டில் போன் அடித்தது. லதீபா எடுக்க முன்னம் அவர் எடுத்துவிட்டார். பஸ்தியாம்பிள்ளை.

"டேய் நவ்பர், நீ ஒளிச்சுக் குடிக்கிறனி எண்டு சந்தியில ஒருத்தன் கதைச்சான். நவ்பர் குடிக்கிறதெண்டால் என்னோடயெல்லோ குடிச்சிருப்பான், உனக்கென்னடா தெரியும் எண்டு குடுத்தன் பேச்சு. பள்ளியில உனக்குத் துஆவாம். நாங்களும் கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினனாங்கள். கெதியா வந்து சேர்."

நவ்பர் போனை நெஞ்சில் வைத்தபடி கிடந்தார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"ஆரிட்டையும் சொல்லவேண்டாம் எண்டனான் எல்லோ லதீபா?"

"ஓம், சொன்னனீங்கள். நான் ஊர் முழுக்கச் சொன்னனான். உங்கட பேரை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? எனக்கு நீங்கள் வேணும்."