தண்ணீர் ஊற்றியவர்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ் அரை நிமிஷம் நின்று கிளம்பும் ஒரு சின்ன ஊரில், மாதா கோயிலை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் அமலோற்பவம் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினாள். நடத்தினாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். முதல் மூன்று வருஷம் குடித்தனம், மீதி எட்டு வருஷம் காவல்.

அவள் புருஷன் சந்தியாகு அந்தக் கோயிலின் உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பதும், செபம் சொல்வதும், செத்தவர்களைக் கொண்டுபோய் அடக்குவதும் உபதேசியார் பாடுதான். கலியாணம் பேசி முடித்த ஜோடிகளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து மந்திரம், அதாவது செபங்களை, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும் அவர்தான். தடுமாறாமல் ஒப்பித்தால்தான் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள்.

அவர்கள் கலியாணத்துக்கு ஒரு கதை உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் அமலோற்பவம் பிறந்தபோது அழவில்லை, உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தாள். அப்போது உபதேசியாராக இருந்த சந்தியாகின் அப்பா வெளியூர் போயிருந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விடுமே என்று பெண்கள் கதறினார்கள். பதினோரு வயது சந்தியாகுக்குத்தான் வார்த்தைகள் மனப்பாடம். செம்பும் கையுமாக ஓடிவந்து, பிதா சுதன் என்று மூன்று தரம் தலையில் ஊற்றினான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது.

ஊர் இதை விடுமா? சந்தியாகு சாமியாருக்குப் படிக்கப் போய், நாலு வருஷத்தில் திரும்பி வந்து, முப்பது வயதில் தனிமரமாக நின்றபோது எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: “நீ தண்ணி ஊத்திப் பொழைக்க வச்ச புள்ள. நீ கட்டாம எவன் கட்டுவான்?” அறுபத்தொன்றில் கலியாணம். மாப்பிள்ளையின் அப்பாதான் விசாரணைத் தாளை எழுதினார். சொந்த மகனாயிற்றே, யாரையும் எதுவும் கேட்கவில்லை. ‘தடை ஏதும் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அமலோற்பவத்துக்கு ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. கன்னியாஸ்திரிகள் விடுதியில் எட்டாவது வரை படித்தவள், தையல் தெரிந்தவள். அவர் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், நான் பெண்பிள்ளைகளுக்குச் செபமும் தையலும் சொல்லிக்கொடுப்பேன், இரண்டு பேருக்கும் ஒரே ஊழியம் என்று கோட்டை கட்டியிருந்தாள். சந்தியாகும் ஒன்று எதிர்பார்த்தார். வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்த மூன்று வருஷம் மோசமில்லை. ரசத்துக்குச் சண்டை போட்டார்கள், அப்பளத்தில் சமாதானம் ஆனார்கள்.

அறுபத்துநாலில் அப்பா செத்ததும் வேலை மகனுக்கு வந்தது. இரண்டு வாரப் பயிற்சிக்கு மதுரைக்குப் போனார். திரும்பி வந்த அன்றே பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பூசைச் சாமான் அறைக்குப் போய்விட்டார்.

“ஏன், என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

“ஊழியம்,” என்றார்.

மூன்று வருஷமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அதனால் வெறுத்துவிட்டார் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். ஊர்ப் பெண்களும் குறை அவளுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டார்கள். காரைக்குடிக்குக் குடிபோய்விட்ட அப்பன் வீட்டுக்குப் போய் அழுதாள். “கோயில்ல கட்டுன தாலி, செத்தாத்தான் அவுரும்,” என்று அப்பன் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அறுபத்தெட்டில் தேவகோட்டைக் கன்னியாஸ்திரிகள் தையல் டீச்சராக வரச் சொன்னார்கள். “உபதேசியார் பொண்டாட்டி பஸ் ஏறி வேலைக்குப் போனா, நான் யாருக்குப் புத்தி சொல்றது?” என்றார் சந்தியாகு. தினமும் காலை எட்டேகாலுக்கு ஜன்னல் கம்பிக்கு வெளியே அந்த பஸ் போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உலை வைப்பாள்.

எழுபத்திரண்டில், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் ஒருவனும் சவரியாயி என்ற பெண்ணும் மந்திரம் சொல்ல வந்தார்கள். உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் காதில் வழக்கமான கேள்விகள் விழுந்தன. “உங்களுக்குள்ள ரத்த உறவு, ஞான உறவு எதுவும் இருக்கா?” எல்லாரும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்தப் பெண் வாயாடி.

“ஞான உறவுன்னா என்னங்கய்யா?”

உபதேசியார் புத்தகத்தைப் புரட்டினார். தம்ளரோடு அமலோற்பவம் வாசலில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார். வேத காரியத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

“ஞானஸ்நானத் தண்ணி ஊத்துனவுக, ஊத்திக்கிட்டவுகளக் கட்டக் கூடாது. மேற்றிராணியார், அதான் பிஷப்பு, அவுக உத்தரவில்லாமக் கட்டுனா, அது கலியாணமே இல்ல.”

காப்பி அவள் கைவிரலில் வழிந்தது. சுட்டது தெரியவில்லை.

ஜோடி போன பிறகு கேட்டாள்: “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மதுரையில, பயிற்சியில.”

“உத்தரவு வாங்க எத்தன நாளாகும்?”

“எழுதிப் போட்டா பத்து நாள்.”

எட்டு வருஷம் எழுதாத ஒரு கடுதாசிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறது. கையில் இருந்த தம்ளரை அவர் தலையில் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

“எழுதுனா ஊருக்குத் தெரியும்,” என்றார் தரையைப் பார்த்து. “ஊருக்கே தடை கேக்குறவன் வீட்டுலயே தடைன்னு சிரிப்பாக. நீ போக நெனச்சா போயிரலாம்னும் ஆகிப்போகும். சேந்து இருக்கவும் பயம், உன்னய விடவும் பயம்.”

“பயந்தது நீங்க. பூட்டி வச்சது என்னய. மலடின்னு பேரு வாங்குனதும் நான்தான்.”

அந்த ஞாயிறு பங்குச் சாமியார் வந்தார், இளவயதுக்காரர். அவள் சொன்ன விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். உத்தரவு வந்ததும் இருவரும் மறுபடி சம்மதம் சொன்னால் போதும், சொல்ல மனமில்லையென்றால் அவள் எழுந்து போகலாம், யாரும் தடுக்க முடியாது என்றார்.

“இவுகளுக்கு எட்டு வருசம் ஆச்சுல்ல சாமி,” என்றாள். “எனக்கு எட்டு வாரம் வேணும்.” மறுநாள் எட்டேகால் பஸ்ஸில், தகரப் பெட்டியோடு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேவகோட்டைக்குப் போனாள். கன்னியாஸ்திரிகளிடம் தையல் மெஷின் இன்னும் ஆளில்லாமல்தான் இருந்தது.

ஆறாவது வாரம் சவரியாயி ரவிக்கை தைக்க வந்தபோது சொன்னாள்: “அக்கா, போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அய்யா சனத்துக்கு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஏழெட்டு பேரு சிரிச்சாக. அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் எங்குத்தம்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு.” அமலோற்பவம் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

எட்டாவது ஞாயிறு சந்தியாகு தேவகோட்டை மடத்து வாசலில் உத்தரவுக் காகிதத்தோடு வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. அவரால் எது முடியும், எது முடியாது என்று அவளுக்கு இப்போது தெரியும். இனிமேல் கலகலவென்று பேசப்போவதில்லை, ரசத்தில் குறை சொல்வதையும் விடப்போவதில்லை.

“மந்திரம் கேக்குற பெஞ்சுல பொண்ணுகள நான் கேப்பேன்,” என்றாள். “திங்கக்கெழமலேருந்து சனிக்கெழம வரைக்கும் இங்குட்டு வேலைக்கு வருவேன்.”

“சரி.”

“சத்தம் இருக்கும் வீட்டுல.”

“இருக்கட்டும்.”

அடுத்த பூசை நாளில் ஊர்க் கோயிலில், சாட்சிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு சாமியார் சம்மதம் கேட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்பு, அவள் வாய் திறக்குமுன் அவள் அப்பன் தலையாட்டியிருந்தான். இப்போது அவளுக்காக யாரும் தலையாட்டவில்லை. கதவு திறந்திருந்தது, ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. சந்தியாகு உத்தரவுக் காகிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்த எட்டு வருஷம் திரும்பப்போவதில்லை, அதற்காக அவரை முழுசாக மன்னிக்கவும் இல்லை.

“சம்மதம் சாமி,” என்றாள். “இந்தத் தடவ தெரிஞ்சுதான் சொல்றேன்.”