பம்பருக்குள் நின்றுபோன குழாய்

ஆரணியில் கார் சைலன்சர் ஓட்டையாகிவிட்டால் துரைக்கண்ணுவிடம் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வந்தவாசி சாலையில் ஒரு தகரக் கொட்டகை, வெல்டிங் மெஷின், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி. அவ்வளவுதான் கடை. பெரணமல்லூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் சொந்தக் கடை வைத்த முதல் ஆள் அவர். ஆனால் வீடு ஓடியது மனைவி சின்னபொண்ணுவின் சம்பளத்தில்தான். கமலக்கண்ணனின் பட்டுக் கடையில் அவளுக்குப் புடவை மடிக்கிற வேலை. வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு போனால், காரின் பின்சீட்டில் மூட்டைகளோடு அவளும் போக வேண்டும். வழியில் கண்ணாடியை இறக்கக் கூடாது, பட்டில் தூசி ஏறும். அது முதலாளி போட்ட சட்டம்.

அந்தக் காரைத்தான் ஒருநாள் முதலாளியின் மகன் ஜெயக்குமார் துரைக்கண்ணுவிடம் ஓட்டிவந்தான். கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பழைய வெள்ளைக் கார். அது பந்தய வண்டி மாதிரி உறும வேண்டுமாம். ஊரெல்லாம் கேட்கிற தறிச் சத்தம் அவன் காதுக்குப் போதவில்லை போலிருக்கிறது. குடம் மாதிரி பருத்த சைலன்சர் ஒன்றையும் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தான்.

துரைக்கண்ணு குழிக்குள் இறங்கி அளந்து பார்த்தார்.

"இத மாட்டுனா பின்னாடி எடம் பத்தாது தம்பி. புகைக் குழாய் பம்பரத் தாண்டி வெளிய வந்தே ஆவணும். பம்பர வெட்டணும்."

"பம்பர்ல கை வெச்சா அப்பா என்னை வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டாருண்ணே. உள்ளயே நிறுத்திடுங்க."

"உள்ள நிறுத்துனா புகை வண்டிக்குள்ள ஏறிடும் தம்பி. வேற சின்ன சைலன்சரா போட்டுக்கலாம்."

"அதுல சத்தம் வராதே."

முடியாது என்று துரைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டார். ஜெயக்குமார் அப்பாவுக்கு போன் போட்டு துரைக்கண்ணுவின் காதில் வைத்தான். கமலக்கண்ணன் கோபப்படவில்லை.

"இன்னா துரை, பையன் ஆசையா கேக்கறான், நீ பிகு பண்ணிகினு இருக்கியாமே? உன் வூட்டுக்காரி நம்ம கடையிலதான கீது. நமக்குள்ள இதெல்லாம் இன்னாய்யா?"

துரைக்கண்ணு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழாய் பம்பருக்குள்ளேயே, டிக்கிக்கு அடியில் நின்றுபோனது. டிக்கிக் கதவின் ரப்பர் தேய்ந்து கிடந்ததையும் அவர் பார்த்தார்.

"கண்ணாடிய இறக்கி வெச்சிகினு ஓட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பின்சீட்டில் உட்காரப் போவது யார், அந்தக் கண்ணாடி இறங்குமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு வெளியூர் போய்வந்தாலே சின்னபொண்ணுவுக்குத் தலைவலி, குமட்டல். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனாள்.

"கண்ணாடிய கொஞ்சம் இறக்கிக்கயேன்" என்றார் துரைக்கண்ணு.

"பட்டுல தூசி வுழுந்தா யாரு பேச்சு வாங்கறது? நீ வந்து வாங்குவியா?"

முகூர்த்த மாதம் முடிந்ததும் காரைக் கேட்டு வாங்கிக் குழாயை மாற்றிவிடுவதாக அவர் நினைத்திருந்தார். சரக்கு ஓடுகிற நேரத்தில் முதலாளியிடம் காரை எப்படிக் கேட்பது என்ற தயக்கம்.

வந்தவாசிக்குச் சரக்கு போன அன்று நல்ல மழை. வழியில் மரம் விழுந்து சாலை அடைத்துக்கொண்டது. ஜெயக்குமார் குடையோடு இறங்கிப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பின்சீட்டில் இருந்த சின்னபொண்ணு அக்காவுக்குப் புழுங்கக் கூடாது என்று ஏசியையும் இன்ஜினையும் ஓடவிட்டுத்தான் இறங்கினான், பாவி. திரும்பி வந்தபோது அவள் மூட்டைமேல் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி, புதுச் சைலன்சரின் உறுமலைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். வந்தவாசி கடை வாசலில் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை.

புகைதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காரில் யார் வேலை பார்த்தது என்று போலீஸ் கேட்டபோது, "அவ புருஷன்தாங்க" என்றார் கமலக்கண்ணன். அது பொய்யில்லை. அதனால் துரைக்கண்ணுவும் தலையை ஆட்டினார். முடியாது என்று முதலில் சொன்னதையும் அந்த போனையும் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, மகள் அகல்யா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிற பெண்.

"நீ கடைசி வரைக்கும் முடியாதுன்னே சொல்லிருந்தா இன்னாப்பா ஆயிருக்கும்?"

"உங்கம்மாவ வேலைய வுட்டு நிறுத்திருப்பாங்க."

"அவ்ளோதானப்பா?"