எடுக்காமல் விட்ட பழைய பாதை

தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் எங்கள் சர்வரிலிருந்து கிளவுடுக்குப் போகும். அங்கிருந்து மதுரை டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்வார். ஊரெல்லாம் பயன்படுத்தும் சாதாரண இன்டர்நெட்டில் அதற்கொரு பாதை போட்டு, ஒன்பது வருடம் கட்டிக் காத்தவள் நான். சாரல் காற்றில் அது அறுந்தால், "அக்கா, படம் போகமாட்டேங்கு" என்று முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

போன தை மாதம், பெங்களூரிலிருந்து திரும்பிய கடையத்துப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வந்த சூட்டோடு, கிளவுடுக்கு நமக்கென்றே ஒரு தனி லைன் வேண்டும் என்றாள். மூன்று வருடமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு "பாப்போம்" என்று சொல்லிவந்த பெரிய டாக்டர், அவளுக்கு ஒரே வாரத்தில் தலையாட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

வைகாசிக் கடைசியில் லைன் வந்தது. புதுப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தார்கள். பழைய பாதையை எடுக்க நான் கீபோர்டில் கை வைத்தபோது பெரிய டாக்டர் தடுத்தார்.

"நல்ல நேரத்துல எதையும் கழட்டக் கூடாதும்மா. மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கிடலாம்."

மத்தியானம் நான் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை படங்கள் அதில்தான் போகும், புது லைன் சும்மா கிடக்கும் என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய். மறுநாளே மதுரை டாக்டர் போனில், "புது லைன் பறக்குதே!" என்றார். எல்லாரும் அவளைக் கொண்டாடினார்கள். போனதென்னவோ என் பாதையில். அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்த லட்டை நானும் வாங்கித் தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சாரல் காற்று பலமாக அடித்து இன்டர்நெட் போனது. குற்றாலத்தில் பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்ட ஒருவரை அன்றுதான் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று, படம் போகவில்லை. அவர் மனைவி ஈரச் சேலையோடு கதவோரம் நின்றாள். நர்ஸ்கள் கூப்பிட்டது என்னையல்ல, கடையத்துக்காரியை. அந்த நேரத்திலும் அது எனக்கு உறுத்தியது.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பழைய பாதை இன்னும் இங்கனதான் கெடக்கு. நீங்களே எடுத்துருங்க."

எடுத்தேன். படங்கள் புது லைனில் மளமளவென்று போயின. உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று கால் மணி நேரத்தில் மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"யாரு அதை விட்டு வச்சது?" என்று பெரிய டாக்டர் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் சார். அன்னைக்கே சரிபாத்திருக்கணும்."

வெளியே வந்ததும், "ஏன் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"பொய் இல்லக்கா. சரிபாக்கிறது என் வேலதான?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய டாக்டரிடமும் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. தனி லைன் அவளுக்குக் கிடைத்ததுகூட இப்போது ஆறிப்போயிற்று. அந்த மனசும் அவளுக்கே வாய்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.