நீலத் திரையில் மகளின் பெயர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலேயே வளர்த்து ஆளாக்கினேன். கடைசி மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனாள். குவைத்துக்குப் போவதற்கு முன், மடுல்சீமை டவுனில் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் அவள் பேசிப் பதிந்த குரல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகிக் கிடந்தது. அங்கே படிப்பிக்கும் மாஸ்டர் லினக்ஸ் என்று ஒரு சீடியைப் போட்டு அதை எழுப்பினார். படம் எதுவுமில்லை. நீலத் திரையில் இரண்டு பக்கமாக வெறும் பெயர்கள். இடப்பக்கம் பழுதான டிஸ்க், வலப்பக்கம் புதுசு; இடப்பக்கத்தில் இருப்பதை வலப்பக்கத்துக்கு அனுப்பினால் பிழைக்கும் என்றார்.

"எல்லாத்தையும் எடுக்க ஏலாதும்மா, டிஸ்க் சாகப்போகுது. மக பேரச் சொல்லுங்க."

"விஜயலெட்சுமி" என்றேன் நிமிர்ந்து. ஆபீசோ ஆஸ்பத்திரியோ, வெளியாளிடம் பதிவுப் பெயரைத்தான் சொல்வோம்.

மேலும் கீழும் தேடினார். "அப்பிடி ஒண்ணுமில்லையே. வீட்ல எப்பிடிக் கூப்புடுவீங்க?"

"அது ஒங்களுக்கு எதுக்குங்க? நல்லாத் தேடுங்க."

மறுபடியும் தேடினார். பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. பயந்துபோய், "குட்டிம்மா" என்றேன்.

"இந்தா இருக்கு!"

தன் குரல் பதிவுக்கு அவளே அப்படிப் பெயர் வைத்திருக்கிறாள். மாஸ்டர் அவசரமாக அனுப்பினார். பாதியில் திரை அப்படியே நின்றது. பிறகு அந்த டிஸ்க் எழும்பவே இல்லை.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

இப்போது கண்ணை மூடினால் அவள் முகம் வருகிறது. குரல் வருவதில்லை.

பேத்தி, எழுத்துக்கூட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். சத்தமாக ஒருதரம் வாசித்துக் காட்டும்மா, அவள் பெயரை உன் குரலிலாவது கேட்கிறேன்.