ஏரிக்கரை ஈ

ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் ஏரிக்கரை வழியாக வரும்போதெல்லாம் பூச்சி ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேற்றோரம் குந்தி, எள்ளளவு ஈக்களை ரப்பர் குழாயால் உறிஞ்சிப் புட்டியில் பிடிப்பார். லென்ஸில் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து பறக்கவிடுவார்.

"இன்னா மேடம், புடிச்சத வுட்டுர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் பெண் ஈ அண்ணா. பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஆண் கிடைச்சாதான் இன்ன இனம்னு சொல்ல முடியும்."

"கெட்ச்சா?"

"கொன்னுட்டுத்தான் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாக்கணும்." அவர் குரல் இறங்கிவிட்டது.

கடைசியாகப் பார்த்த மாலையில், ஒரு ஈயை நெடுநேரம் லென்ஸில் உற்றுப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். ஈ பறந்தது.

"பொண்ணா மேடம்?"

"ஆமாண்ணா" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

அது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.